சொரியாசிஸுக்கு ஊசி போட்டால் எதிர்ப்பு சக்தி மொத்தமும் போய்விடுமா?

கடிதத்தின் சுருக்கம்

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 36. தனியார் பள்ளி ஆசிரியை, ஏழு வயதில் ஒரு மகள். ஒன்பது வருடமாகச் சொரியாசிஸ் என்ற தோல் நோய். தலையில் தொடங்கி முழங்கை, முழங்கால், முதுகு என்று பரவியிருக்கிறது. நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள். கத்திரி வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறாராம்.

முதலில் தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டார்கள். பத்தே நாளில் தோல் பளிச்சென்று ஆனது, அடுத்த மாதமே இரண்டு மடங்காகத் திரும்பியது. பிறகு தோல் மருத்துவர் ஒருவர் மெதோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்தார். குமட்டல் தாங்காமல் இரண்டு மாதத்தில் இவரே நிறுத்திவிட்டார். இப்போது அதே மருத்துவர், இன்டர்லூகின்-17 என்ற பொருளைத் தடுக்கும் செகுகினுமாப் ஊசியைச் சொல்கிறார். இவர் சொந்தச் செலவில் லேபுக்குப் போய் ரத்தத்தில் டி.என்.எஃப், இன்டர்லூகின்-6 என்ற இரண்டு அழற்சிப் புரதங்களையும் பார்த்திருக்கிறார். இரண்டும் நார்மல். "அப்படியானால் எனக்கு இருப்பது சொரியாசிஸ்தானா?" என்று கேட்கிறார். எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இது வந்தது என்று மாமியார் தினமும் கபசுரக் குடிநீர் தருகிறார். இருக்கிற எதிர்ப்பு சக்தியையும் இந்த ஊசி கொன்றுவிடும் என்கிறார் அக்கா வீட்டுக்காரர். கடைசி நான்கு வரிகளில் இன்னும் மூன்று விஷயங்கள்: கூடவே வசிக்கும் அப்பா இரண்டு வருடம் முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடித்தவர். காலையில் விரல்கள் விறைத்துப்போய் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. அடுத்த வருடம் இரண்டாவது குழந்தை பற்றி யோசிக்கிறார்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கடைசி நான்கு வரிகளைத்தான். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்கப்போவது அந்த மூன்று விஷயங்களும்தான். உங்கள் மருத்துவருக்கு அவை தெரியுமா என்று கடிதத்தில் இல்லை. தெரியாவிட்டால் அடுத்த முறை முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். அதற்கெல்லாம் வருவதற்கு முன்னால், தோலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட பெரும்பாலான கேள்விகளுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

தோலுக்குள் நடக்கும் பேச்சு

சொரியாசிஸைத் தோலின் மேற்செல்கள் தாமாகவே வேகமாகப் பெருகும் நோய் என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நினைத்தது. மேலே தெரிவது அதுதானே. சாதாரணமாக ஒரு தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் திட்டில் நாலைந்து நாளில் அந்தப் பயணம் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் வெள்ளிச் செதிலாகக் குவிகின்றன. 1979-இல் மூட்டுவலிக்காகச் சைக்ளோஸ்போரின் கொடுக்கப்பட்ட சில நோயாளிகளுக்குச் சொரியாசிஸும் வியக்கும்படி மறைந்தது. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை அடக்கும் மருந்து அது. வேர் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இருக்கிறது என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வலுத்தது.

எதிர்ப்பு மண்டலத்தின் செல்கள் ஒன்றோடொன்று சில புரதங்கள் மூலமாகப் பேசிக்கொள்கின்றன. அவற்றுக்குச் சைட்டோகைன் என்று பெயர். சொரியாசிஸில் தோலில் காவல் நிற்கும் டென்ட்ரிடிக் செல்கள் இன்டர்லூகின்-23, டி.என்.எஃப் என்ற இரண்டைச் சுரக்கின்றன. 23-இன் தூண்டுதலில் ஒரு வகை டி செல்கள் பெருகி இன்டர்லூகின்-17-ஐயும் 22-ஐயும் வெளியிடுகின்றன. 22 தோல் செல்களைத் தடிக்க வைக்கிறது. 17 அந்தச் செல்களையே அழைப்பு மணி அடிக்க வைக்கிறது. அந்த அழைப்புக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன, புதிய டி செல்களும் டென்ட்ரிடிக் செல்களும் வந்து சேர்கின்றன. அவை மறுபடி 23-ஐச் சுரக்கின்றன. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனால் காதைப் பிளக்கிற மாதிரி கூவுமே, அதுபோல. முதல் சத்தம் யார் போட்டது என்பது அப்புறம் முக்கியமில்லை. சுற்று தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

அந்த முதல் சத்தம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். தொண்டைப் புண், தூக்கமில்லாத மன உளைச்சல், இரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர், லித்தியம், குளோரோகுயின் போன்ற மாத்திரைகள், தோலில் ஒரு கீறல். அடிபட்ட தோல் எல்.எல்-37 என்ற சிறு புரதத்தைச் சுரக்கிறது. உடைந்த செல்லின் டி.என்.ஏ.வோடு அது சேர்ந்துகொண்டால், கிருமி வந்துவிட்டது என்று எதிர்ப்பு மண்டலம் எடுத்துக்கொள்கிறது. நோட்டுத் திருத்தும்போது முழங்கையை மேசையில் ஊன்றுகிறீர்களா என்று பாருங்கள். அந்த உரசல்கூடத் திட்டை வளர்க்கும். ஹெச்.எல்.ஏ-சி வகை மரபணு ஒன்று இருப்பவர்களிடம் இதெல்லாம் எளிதாகப் பற்றிக்கொள்கிறது. உங்களுக்கு இருப்பதால் மகளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் சொரியாசிஸ் உள்ள ஒரு தாயின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை.

ஆகவே மாமியார் சொல்வதும் அக்கா வீட்டுக்காரர் சொல்வதும் இரண்டும் சரியில்லை. உங்கள் எதிர்ப்பு சக்தி குறைந்துபோகவில்லை. மொத்தமாகக் கூடிப்போகவும் இல்லை. குறிப்பிட்ட ஒரு பாதை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஊக்குவிக்க எதுவும் வேண்டாம். கபசுரக் குடிநீரைத் தினமும் குடிக்க இந்த நோயில் காரணம் இல்லை. அன்போடு தருகிறார், அன்போடு மறுத்துவிடுங்கள்.

லேப் ரிப்போர்ட் ஏன் நார்மல்?

இந்தப் பரிசோதனைக்கு நீங்கள் பணம் கொடுத்ததுதான் எனக்கு வருத்தம். சைட்டோகைன்கள் பெரும்பாலும் சுரந்த இடத்திலேயே, பக்கத்துச் செல்லோடு பேசிவிட்டு மறைந்துவிடுபவை. உங்கள் முழங்கையில் ஒரு சிறு தோல் துணுக்கை எடுத்துப் பார்த்தால் 17-உம் 23-உம் அங்கே நிறைய இருக்கும். கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் அது தெரிய வேண்டிய அவசியமில்லை. நீங்கள் பார்த்த இன்டர்லூகின்-6 இந்தச் சுற்றில் பிரதான பாத்திரமே இல்லை. சொரியாசிஸைக் கண்ணால் பார்த்து, செதிலைச் சுரண்டிப் பார்த்து, நகத்தையும் தலையையும் பார்த்துத்தான் உறுதி செய்கிறோம். சந்தேகம் இருந்தால் பயாப்சி. நீங்கள் விவரித்த திட்டுகளும் நகக் குழிகளும் உங்கள் மருத்துவர் சொன்னதோடு ஒத்துப்போகின்றன. அந்த ரிப்போர்ட்டை வைத்து நோயை மறுக்க வேண்டாம், அதைத் திரும்ப எடுக்கவும் வேண்டாம்.

ஊசி எதை நிறுத்துகிறது?

கிளினிக்கில் போட்டது பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருந்திருக்கும். ஸ்டீராய்டு எல்லாப் பேச்சையும் ஒரேயடியாக அமுக்கும். அதனால்தான் பத்து நாளில் அத்தனை பளிச். மருந்தின் வேகம் இறங்கியதும் சுற்று முன்பைவிட உக்கிரமாகக் கிளம்பும். சிலருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க்கொப்புளங்களாக வெடித்து, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போக நேர்கிறது. அந்தக் கொப்புள வகையில் ஆட்டுவிப்பது வேறொரு சைட்டோகைன், இன்டர்லூகின்-36. அதைத் தடுக்கும் ஸ்பெசோலிமாப் 2022-இல்தான் வந்தது. சொரியாசிஸுக்காக ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ யார் கொடுத்தாலும் இனி ஒப்புக்கொள்ளாதீர்கள். உறை மேல் பெயரில்லாத 'நாட்டு மருந்து' பொடிகளுக்கும் இதுவே. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

செகுகினுமாப் போன்றவை வேறு ரகம். ஒரே ஒரு சைட்டோகைனை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிகள் இவை. இன்டர்லூகின்-17 இல்லாவிட்டால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை இயற்கையே நமக்குக் காட்டியிருக்கிறது. பிறவியிலேயே அந்தப் பாதை வேலை செய்யாத சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாயிலும் தோலிலும் நகத்திலும் கேண்டிடா பூஞ்சை திரும்பத் திரும்ப வருகிறது, தோலில் ஸ்டாஃப் கிருமித் தொற்றும் வருகிறது. மற்ற நோய்களைப் பெரும்பாலும் எதிர்த்து நிற்கிறார்கள். இந்த ஊசி போடுபவர்களிடமும் அதையே பார்க்கிறோம். சிலருக்கு நாக்கில் வெள்ளை படியும், சிலருக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு வரும், மருந்து கொடுத்தால் அடங்கும். சளி, தொண்டைவலி கொஞ்சம் கூடலாம். இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய்கள் இதனால் மோசமாகலாம். உங்களுக்கோ நெருங்கிய உறவிலோ நாள்பட்ட வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

பலன் எவ்வளவு? 2014-இல் வெளியான பெரிய ஆய்வுகளில் செகுகினுமாப் 300 மில்லிகிராம் போட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் 12 வாரத்துக்குள் நோயின் கடுமை முக்கால்வாசிக்கு மேல் குறைந்தது. முதலில் வாரம் ஒரு தடவையாக ஐந்து தவணை, பிறகு மாதம் ஒன்று. ஆனால் இது குணமாக்கும் மருந்து இல்லை. திட்டு மறைந்த பிறகும் அந்த இடத்துத் தோலில் நினைவு டி செல்கள் தங்கிவிடுகின்றன. அதனால்தான் மருந்தை நிறுத்தினால் நோய் பெரும்பாலும் பழைய இடத்திலேயே எட்டிப்பார்க்கிறது. மாதாமாதம் எவ்வளவு செலவாகும், எத்தனை வருடம் தாங்க முடியும் என்பதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு தொடங்குங்கள். பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கும்போது சிலருக்குப் பழைய பலன் கிடைப்பதில்லை.

அப்பாவின் காசநோய்

உடம்புக்குள் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் செல்கள் ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கின்றன. அந்தச் சுவரை நிற்க வைப்பதில் டி.என்.எஃப்-க்குப் பெரிய பங்கு உண்டு. 2001-இல் டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் போட்ட 70 பேருக்குக் காசநோய் கிளம்பியதாக அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க, ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை என்பது விதியாகிவிட்டது. 17-ஐயும் 23-ஐயும் தடுக்கும் ஊசிகளில் இந்த ஆபத்து மிகவும் குறைவு. இருந்தாலும் நம் ஊரில் யாருக்கும் பரிசோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது. ஒரே வீட்டில் காசநோய் இருந்த உங்களுக்கு நிச்சயமாகக் கூடாது.

மார்பு எக்ஸ்ரே ஒன்று, மான்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை ஒன்று. தூங்கும் தொற்று இருப்பதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். தடுப்பு மருந்து அரசு காசநோய் மையங்களில் இலவசம். அதைத் தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழித்து ஊசியைப் பற்றி யோசிக்கலாம். அந்த மருந்துகளில் ரிஃபாபென்டின் உள்ள வகையைக் கர்ப்பத்தில் தருவதில்லை. கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது குறைத்துவிடும். குழந்தைக்கான திட்டத்தோடு இது இடிக்கும், அதனால் இந்தப் பரிசோதனையை இந்த மாதமே செய்துவிடுங்கள்.

விரல்கள் காத்திருக்காது

தோலில் எவ்வளவு திட்டு வந்தாலும் மருந்தில் மறையும், பெரும்பாலும் தழும்புகூட இருக்காது. மூட்டு அப்படி இல்லை. சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்தில் மூன்று பேர் வரை மூட்டழற்சி வருகிறது. அங்கேயும் அதே டி.என்.எஃப், 17, 23 தான் எலும்பையும் தசைநாண் ஒட்டும் இடத்தையும் அரிக்கின்றன. நகக் குழியும் தலைச் சொரியாசிஸும் உள்ளவர்களிடம் அது கூடுதலாக வருகிறது. காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிக்கிறதா, ஏதாவது ஒரு விரல் முழுவதும் வீங்கி உருண்டு போகிறதா, குதிகால் வலிக்கிறதா என்று கவனியுங்கள். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் ரத்தப் பரிசோதனை எடுத்து நெகட்டிவ் வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள், இந்த நோயில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும். நோயைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் தாமதமானாலே மூட்டின் சேதம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோல் மருத்துவரிடம் கேட்டு மூட்டு மருத்துவர் ஒருவரையும் உடனே பாருங்கள். வசதி இல்லாவிட்டால் சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனையிலிருந்து தொடங்கலாம்.

மூட்டழற்சி உறுதியானால் களிம்பும் ஒளி சிகிச்சையும் மட்டும் போதாது. வெறும் தோல் நோய் என்றால் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளியை வாரம் மூன்று நாள் காட்டும் சிகிச்சையை நான் உங்களுக்கு முதலில் சொல்லியிருப்பேன். கர்ப்பத்திலும் அதைத் தரலாம், செலவும் குறைவு. ஆனால் அது விரலை எட்டாது.

இரண்டாவது குழந்தை

இங்கேதான் முடிவு கடினமாகிறது. மெதோட்ரெக்சேட் மூட்டுக்கும் நல்லது, மலிவு, குமட்டலுக்கும் வழி உண்டு. ஃபோலிக் ஆசிட் சேர்க்கலாம், மாத்திரைக்குப் பதில் ஊசியாகப் போடலாம். ஆனால் அது கருவைச் சிதைக்கும். கருத்தரிக்கக் குறைந்தது மூன்று மாதம் முன்பே நிறுத்துவது வழக்கம். வீட்டில் மிச்சமிருக்கும் அந்த மாத்திரைகளைத் தயவுசெய்து நீங்களாக எடுத்துச் சாப்பிட வேண்டாம். வாரம் ஒருநாள் மாத்திரையைத் தெரியாமல் தினமும் போட்டு உயிர் போனவர்கள் உண்டு. அசிட்ரெட்டின் என்ற மாத்திரையை யாராவது எழுதினால் அதை ஏற்காதீர்கள். நிறுத்திய பிறகும் மூன்று வருடம் கருத்தரிக்கக் கூடாத மருந்து அது.

ஊசிகளில், கர்ப்ப காலத்தில் நீண்ட அனுபவம் இருப்பது டி.என்.எஃப் தடுப்பான்களுக்கு. அவற்றில் செர்டோலிசுமாப் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போவது மிக மிகக் குறைவு. அடாலிமுமாப் மருந்துக்கு 2014 முதல் இந்தியத் தயாரிப்பே வந்துவிட்டதால் விலையும் இறங்கியிருக்கிறது. 17, 23 தடுப்பான்களுக்குக் கர்ப்பத்தில் அவ்வளவு அனுபவம் இல்லை. ஆக, அப்பாவின் காசநோய் உங்களைச் செகுகினுமாப் பக்கம் இழுக்கிறது, குழந்தை ஆசை டி.என்.எஃப் பக்கம் இழுக்கிறது. உங்கள் மருத்துவரின் தேர்வு தவறு என்று நான் சொல்லவில்லை. குழந்தை பற்றி அவருக்குத் தெரியாமல் இருந்தால் அது முழுமையான தேர்வு இல்லை, அவ்வளவுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் போவேன். காசநோய்ப் பரிசோதனை சுத்தமாக வந்து, அடுத்த வருடமே குழந்தை என்பதும் உறுதியானால், டி.என்.எஃப் தடுப்பானைப் பற்றி இரண்டு மருத்துவர்களிடமும் பேசுவேன். தூங்கும் தொற்று இருந்தால் தடுப்பு மருந்தை முடித்து, செகுகினுமாபில் மூட்டையும் தோலையும் ஒரு வருடம் அடக்கி வைத்து, குழந்தையைச் சற்றுத் தள்ளிப்போடுவேன். 36 வயதில் தள்ளிப்போடச் சொல்வது எளிதில்லை என்று தெரியும். அதை நீங்களும் உங்கள் கணவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த ஊசிகளைப் போட்டிருந்தால், குழந்தை பிறந்ததும் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியை ஆறு மாதம் வரை தள்ளிவைக்க நேரலாம். பிரசவம் பார்க்கும் இடத்தில் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின்போது பாதிப் பேருக்குச் சொரியாசிஸ் தானாகவே அடங்குகிறது. பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் திரும்புகிறது.

இன்னும் சில

வெட்பாலைத் தைலம் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எரிச்சல் இல்லாவிட்டால் செதிலை இளக்கும் எண்ணெயாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், மூட்டுக்கு அதை நம்பியிருக்காதீர்கள். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை இரண்டு பக்க மருத்துவர்களிடமும் சொல்லிவிடுங்கள், கல்லீரலைப் பாதிக்கும் மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்துவிடக் கூடாது.

ஒரு குழந்தையின் அம்மா, இது ஒட்டுமா என்று உங்கள் தலைமை ஆசிரியையிடம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒட்டாது. இதில் பரவக் கிருமியே இல்லை. வேண்டுமானால் உங்கள் மருத்துவரிடம் அப்படியே ஒரு வரி எழுதி வாங்கிப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். வெயிலில் முழுக்கை ரவிக்கைக்குள் புழுங்க வேண்டியதில்லை, மிதமான காலை வெயில் அந்தத் திட்டுகளுக்கு நல்லதுதான்.

அடுத்த முறை போகும்போது கிளினிக் ஊசியின் சீட்டு, மெதோட்ரெக்சேட் எழுதிய சீட்டு, அப்பாவின் காசநோய் அட்டை, காலையில் எடுத்த விரல்களின் புகைப்படம் இவற்றைக் கொண்டுபோங்கள். உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு உடம்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். திட்டுகள் மொத்தம் எத்தனை உள்ளங்கை அளவு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் காய்ச்சலோடு உடம்பு முழுக்கச் சிவந்தாலோ, சிறு சீழ்க்கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பினாலோ தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.